அலையில்லாத மாதம்

"செப்டம்பர்லயா வர்றீங்க?" பிரேசிலின் நொரோன்யா தீவிலிருந்து விடுதிக்காரர் அமாரோ போனில் சிரித்தார். "அலைச்சறுக்குக்கு ஜனவரியில வரணும் தங்கச்சி. செப்டம்பர்ல கடல் குளம் மாதிரி கிடக்கும்."

"அப்படித்தான் வேணும் அண்ணே. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பலகை," என்றாள் ரெசிஃபி நகரிலிருந்து ஜுசாரா.

"எல்லாரும் கத்துக்குட்டிங்களா?"

"பதினோரு பேர் பத்து வருஷமா அலை ஏறுறவங்க. ஒருத்தருக்கு மட்டும் நீச்சலே தெரியாது."

"யாரந்த வீரர்?"

"என் மாமியார். அறுபத்தெட்டு வயசு."

"அவங்க கரையில இளநி குடிக்கட்டும். நீங்க ஜனவரியில வாங்க."



"இந்த ஜனவரியில என் வீட்டுக்காரர் அங்க வந்தார் அண்ணே. அலை அவரை உயிரோட திருப்பித் தரல. எங்க ஆளுங்கள்ல ஒருத்தர் போயிட்டா, எல்லாரும் பலகையில கடலுக்குள்ள போய், வட்டமா கைகோத்து உக்காந்து, பேர் சொல்லிப் பூப் போடுவோம். அத்தை கரையில நிக்க மாட்டேங்கிறாங்க."

"டெல்மோ சம்சாரமா நீ?"

"ஆமாண்ணே."

"அவரைக் கரைக்குத் தூக்கிட்டு வந்தவங்கள்ல நானும் ஒருத்தன்," என்றார் அமாரோ. "பதிமூணு பலகைன்னு வச்சுக்கோ. அம்மா பலகையை நான் பிடிச்சுக்கறேன்."