நேர்கோட்டில் ஒரு மேடு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, இரண்டு கைகளின் கதை சொல்கிறேன். உடலசைவை அளக்கும் பட்டைகள் சரியாக அளக்கின்றனவா என்று பார்க்க, கல்லூரிப் பெண் ஷர்மிளா லூர்தம்மாளின் இரு மணிக்கட்டிலும் ஒவ்வொன்று கட்டிவிட்டுப் போனாள். பக்கவாதத்தில் கிடக்கும் கணவன் அருளப்பனின் மரத்துப்போன கையை இடக்கையில் பிடித்தபடியே, லூர்தம்மாள் வலக்கையால் விசிறினாள், கஞ்சி ஊட்டினாள், வேலை ஓய்ந்தால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் ஷர்மிளா மடிக்கணினியைத் திறந்தாள். வலக்கைக்குக் கோடுகள் காடாக மண்டியிருந்தன. இடக்கைக்கு நேர்கோடு, மதியத்தில் மட்டும் ஒரு சின்ன மேடு.

"மத்தியானம் இந்தக் கைய அசைச்சீங்களாக்கா?"

"நான் எங்க அசைச்சேன்? அவரு கையிலல்லா கெடந்துச்சு."

"அப்ப நீங்க கட்டிலத் தட்டின அதிர்வுதான். அழிச்சிருதேன்."

"யம்மா, அதத் தொடாத!"

லூர்தம்மாள் இடக்கைப் பட்டையைக் கழற்றி அருளப்பனின் அந்தக் கையில் கட்டினாள். "ஏங்க, இன்னொரு தடவ அசைங்க. இந்தப் பிள்ள பாக்கட்டும்."

இருவரும் திரையையே பார்த்தார்கள். நாளெல்லாம் ஓயாத அவளது வலக்கை, கட்டிலில் பட்டுவிடாமல் அந்தரத்தில் அப்படியே நின்றது.

கண்ணுகளா, உங்கள் வீட்டில் நீங்கள் பிடிக்கும் ஒவ்வொரு கையும் உங்களைத் திருப்பிப் பிடிக்கட்டும்.