மை டப்பா

"பிடிச்சுட்டேன் எசமான்! ஓடியாங்க!"

பங்குனி உத்திரக் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. செட்டிகுளம் மலையடிவாரத்தில், திறந்து கிடந்த காரின் இஞ்சினுக்குள் தலையை விட்டிருந்த அங்கமுத்துவை இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்தான் செல்லதுரை.

அங்கமுத்து பழைய டிரைவர். செல்லதுரை புது டிரைவர். ஊருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

கார் முதலாளி, மிராசுதார் அமிர்தலிங்கம், முடியிறக்கிய மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஓடி வந்தார். பின்னால் மனைவி ஜெயலட்சுமி.

"நான் மோர் குடிச்சுட்டு வரதுக்குள்ள இந்தாளு பிளக்கை ஒவ்வொண்ணா கழட்டி மாட்டியிருக்கான் எசமான். கடைசி ஒண்ணுல கை வைக்கறப்ப புடிச்சேன்."

கலெக்டர் அரியலூருக்கு வந்த அன்று, "இஞ்சின் ஆறட்டுங்க, அப்புறம் பிளக்கைத் தொடலாம்" என்று சாவகாசமாக உட்கார்ந்திருந்தவர் இந்த அங்கமுத்து. மிராசுதார் போய்ச் சேருவதற்குள் கலெக்டர் கிளம்பிவிட்டார். மறுநாள் அங்கமுத்துவும் கிளம்ப வேண்டியதாயிற்று.

செல்லதுரை அப்படியில்லை. பட்டாளத்தில் லாரி ஓட்டியவன். யுத்தம் முடிந்து வேலையில்லாமல் அலைந்தபோது கிடைத்த இடம் இது. வீட்டில் மனைவி மலர்கொடிக்கு நிறைமாசம்; இந்த வேலையும் போனால் அடுப்பில் பூனைதான் தூங்கும். அதனால் எல்லாவற்றிலும் பறப்பான். அன்று காலைகூட வண்டி நின்றதும் நிற்காததுமாகப் பிளக்குகளைச் சுடச்சுடக் கழற்றித் துடைத்து, மூச்சைப் பிடித்து இறுக முடுக்கினான். "வேலைன்னா இது வேலை!" என்று எசமானே முதுகில் தட்டிவிட்டுத்தான் மலை ஏறினார்.

"கையில என்னடா அது?" என்றார் மிராசுதார்.

அங்கமுத்துவிடம் ஒரு சின்ன டப்பா. உள்ளே கன்னங்கரேலென்று ஏதோ பசை.

"ஐயையோ, மை!" என்று அலறினாள் ஜெயலட்சுமி. "வண்டிக்கு மை வச்சுட்டானுங்க!"

வேடிக்கை பார்க்க நெருங்கி வந்த கூட்டம் மளமளவென்று பின்னால் போனது.

"வாயைத் திற. எதுக்குடா வந்தே?"

அங்கமுத்து எசமானைப் பார்த்தார். செல்லதுரையைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"பொறாமைங்க. நான் இருந்த இடத்துல இன்னொருத்தன் இருக்கானேன்னு... தப்புதாங்க."

செல்லதுரைக்கு மார்பு விரிந்தது. கூட்டத்தில் யாரோ காறித் துப்பினார்கள்.

"சாமி எதிர்ல நிக்கறதால போலீசுக்குப் போகல. சத்தியம் பண்ணிட்டு ஓடு!" என்றார் மிராசுதார்.

கற்பூரம் ஏற்றினார்கள். மலையைப் பார்த்தபடி, "இனிமே இந்த வண்டியைத் தொட மாட்டேன்" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துவிட்டு நடந்தார் அங்கமுத்து. ஜெயலட்சுமி சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் வண்டியில் ஏறினாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் காலை வண்டி கிளம்ப அடம் பிடித்தது. செல்லதுரை பிளக்குகளைக் கழற்றினான். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வழுக்கிக்கொண்டு வந்தன. மரையெல்லாம் அதே கறுப்புப் பசை.

கடைசிப் பிளக்கு மட்டும் அசையவில்லை. அழுத்தித் திருகினான். 'கிறீச்'சென்று ஒரு சத்தம். ஓரத்தில் பளபளவென்று அலுமினியப் பொடி உதிர்ந்தது.

அங்கமுத்து கை வைக்காத பிளக்கு அது. ஸ்பானரைப் போட்டுவிட்டு, அங்கமுத்து வேலை பார்க்கும் அரிசி மில்லுக்கு ஓடினான்.

"அண்ணே... அது மை இல்லையாண்ணே?"

"பென்சில் கரியை அரைச்சு கிரீசுல கொழைச்சதுப்பா. பிளக்கு இரும்பு, உங்க இஞ்சின் தலை அலுமினியம். சூட்டோட வெறுமனே போட்டு முடுக்கினா ரெண்டும் ஒட்டிக்கும். அப்புறம் கழட்டினா மரையைப் பிச்சுக்கிட்டுத்தான் வரும். அன்னிக்குக் காலையில நீ முடுக்கினதைப் பாத்தேன். மனசு கேக்கல. எசமான் மலையேறிட்டாரு, நீயும் மோர் குடிக்கப் போயிட்டே, இஞ்சினும் ஆறிடுச்சு, தடவிட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

"கடைசிப் பிளக்கு மாட்டிக்கிச்சுண்ணே. நீங்கதான் வரணும்."

"வரேன். ஆனா தொட மாட்டேன், சத்தியம் பண்ணியிருக்கேன். பக்கத்துல நின்னு சொல்றேன், நீ மெதுவா கழட்டு. புள்ள பொறந்த வூடு, பதறாதே."

செல்லதுரைக்குக் கண் கலங்கியது.

"இதை அன்னிக்கே எசமான்கிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே? ஊரே துப்புச்சே!"

அங்கமுத்து சட்டையை மாட்டிக்கொண்டே சிரித்தார்.

"என்னைத்தான் ஏற்கெனவே வேலையை விட்டு அனுப்பிட்டாங்களே தம்பி. உண்மையைச் சொல்லியிருந்தா, அடுத்து யாரை அனுப்பியிருப்பாங்க?"