யாருக்கும் தேவையில்லாத குரல்

காலை வெயில் மேசையில் பாதியைத்தான் பிடித்திருக்கிறது. கணினியின் முன்னே அக்கா. அவள் தோளுக்குப் பின்னால், கண் தெரியாத தம்பி கைகளைக் கட்டிக்கொண்டு காவல் நிற்கிறான். போன முறை கணினியைப் புதுப்பித்தபோது, திரையில் இருப்பதை அவனுக்குப் படித்துச் சொல்லும் குரல் காணாமல் போய்விட்டது. அவனுடைய இரண்டு நாள் மொழிபெயர்ப்பு வேலை படுத்துவிட்டது. இன்றும் புதுப்பிப்பு பாதியில் நின்று ஏதோ கேட்கிறது. "என்ன போட்டிருக்கு?" "உனக்குப் படிச்சுச் சொல்ற குரல் விருப்பப்பட்டா வச்சுக்குற துணைதானாம். வேற எந்த மென்பொருளுக்கும் தேவையில்லையாம். தூக்கிடட்டுமான்னு கேக்குது." "தேவையில்லையா? என்னை ஒரு வார்த்தை கேட்டுச்சா?" அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு 'வேண்டாம்' என்று தட்டுகிறாள். அடுத்து அவளே இன்னொரு கட்டளை கொடுக்கிறாள்: இந்தக் குரல் எதனோடோ ஒட்டிக்கொண்டு வந்ததல்ல, நாங்களே கேட்டு வாங்கியது. இனி எந்தப் புதுப்பிப்பும் அதில் கை வைக்காது. கணினி அணைந்து எழுகிறது. விசிறியின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. தம்பி குனிந்து காதைக் கணினியருகே கொண்டுபோகிறான். சட்டென்று குரல் வருகிறது, அவன் பழக்கி வைத்த அதே தலைதெறிக்கும் வேகத்தில். அக்காவுக்கு ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. தம்பிக்கோ முகமெல்லாம் பல். "என்னடா சொல்லுது?" "அக்காவுக்குக் கோடி நன்றியாம்." திரையில் 'கடவுச்சொல்லைத் தருக' என்ற ஒரே வரிதான் இருக்கிறது. அக்கா எழுந்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளுகிறாள். "நீ மொழிபெயர்க்குற லட்சணம் இதுதானாடா?"