பிடிகொடுக்காத பேஸ்மேக்கர்

கணவரின் நெஞ்சுக்குள் இருக்கும் பேஸ்மேக்கருக்குத் தினமும் அல்ட்ராசவுண்டால் சார்ஜ் ஏற்றுவது அவள் வேலை. இன்று ஜெல் தடவி, சார்ஜரை அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். சார்ஜரின் திரையில் 'கருவி இல்லை' என்றே வந்தது.

"கொஞ்சம் ஆடாம படுங்களேன்!"

"நான் எங்கம்மா ஆடினேன்? மூச்சு முட்டுது." அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

உதவி எண்ணில் பேசிய பெண்ணோ, "ஜெல் நிறைய போடுங்க மேடம்" என்று கிளிப்பிள்ளை போல ஒப்பித்தாள்.

"டியூபே காலிம்மா!" என்று போனை வைத்தவள், சார்ஜர்தான் கெட்டுவிட்டதோ என்ற எரிச்சலில் அதைத் தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தாள். சொத்தைப் பல்லை அடைத்ததைத் தவிர அவள் உடம்புக்குள் யாரும் எதையும் வைத்ததில்லை.

திரையில் கணவரின் பெயர் வந்தது. 'சார்ஜ் ஏறுகிறது.'

வெடுக்கென்று எடுக்கப்போனாள்.

"அப்பாடா," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "இப்பதான் நெஞ்சு லேசாச்சு. கையை எடுத்துடாதம்மா."