யாரும் இழுக்காத திசை

முச்சந்தியில் தேர் நின்றது. தேர் முதலில் தங்கள் பக்கம்தான் வர வேண்டும் என்று கீழத்தெருக்காரர்கள் ஒரு வடத்தையும் தெற்குத்தெருக்காரர்கள் மற்றொன்றையும் இழுத்தார்கள். விசைக்கு அளவோடு திசையும் உண்டு என்று பள்ளியில் பாடம் நடத்துகிற நானும் கீழத்தெரு வடத்தைப் பிடித்திருந்தேன். தேர் முனகியது. இரண்டு தெருவுக்கும் போகாமல், நடுவே மூலையில் இருந்த வீட்டை நோக்கி உருண்டு வாசலில் நின்றது. சாதி மாறிக் கட்டிக்கொண்டதற்காக ஊர் விலக்கி வைத்த பூங்கோதையின் வீடு.

"யாருய்யா இங்க இழுத்தது?" என்றார் ஊர்த்தலைவர்.

அவரவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டோம். இங்கே யாரும் இழுக்கவில்லை. ஆனால் எல்லோரும்தான் இழுத்திருந்தோம். தேரைப் பின்னுக்கு இழுக்கும் வழக்கமோ எங்கள் ஊரில் கிடையாது.

தேர் நாளன்று மூடியே கிடக்கும் அந்தக் கதவு திறந்தது. பூங்கோதை தேரை அண்ணாந்து பார்த்தாள், பிறகு என்னை.

"சார், நீங்களாச்சும் சொல்லுங்க. தேங்காத் தட்டு எடுத்துட்டு வரவா, இல்ல கதவைச் சாத்திக்கவா?"

மற்றவர்கள் வடத்தைக் கீழே போட்டிருந்தார்கள். என் கையில் மட்டும் அது இன்னும் விறைப்பாக, அவள் வாசற்படியை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது.