சாப்பிட்டீங்களா சார்?

"பதினாலு கிலோ குறைக்கணும்" என்று டாக்டர் சொன்ன மறுநாளே அப்பா எடை குறைப்பு நிலையம் தேடக் கிளம்பிவிட்டார். எனக்கு முழுப்பரீட்சை லீவு. துணைக்குப் போனேன்.

முதல் இடத்தில் ஒரு டாக்டரம்மா. முழுக்க மூக்காலேயே பேசினார். "ரத்தம் டெஸ்ட் பண்ணணும். உங்க உடம்புக்கு ஏத்த மாதிரி சாப்பாடு எழுதித் தருவேன். மாசம் ஒரு தடவை வாங்க, போதும்."

நல்ல இடமாகத்தான் பட்டது. அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தினமும் யாராவது கூப்பிட்டு விசாரிப்பாங்களா?"

"அதெல்லாம் இங்க கிடையாதுங்க."

அப்பா எழுந்துவிட்டார்.

இரண்டாவது ஜிம். "சார், மூணே மாசம் சார், இந்த பேன்ட்டுக்குள்ள ரெண்டு பேர் நிக்கலாம் சார்!"

"தினமும் கூப்பிடுவீங்களா?"

"ஆப் இருக்கு சார். டிங்குன்னு மெசேஜ் வரும் சார்."

எழுந்துவிட்டார்.

மூன்றாவது, மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. டாக்டர் இல்லை. இருந்த ஒரே எடை மெஷினும், ஆள் ஏறுவதற்கு முன்பே ரெண்டு கிலோ காட்டியது. மேஜைக்குப் பின்னால் ஒரு மேடம். எடை குறைக்க வருகிறவர்களுக்கு ஆகவே ஆகாத அளவுக்கு இனிப்பு, அந்தக் குரலில்.

"தினமும் மதியம் ஒண்ணரைக்கு நானே கூப்பிடுவேன் சார். சாப்பிட்டீங்களா, என்ன சாப்பிட்டீங்கன்னு கேப்பேன்."

அப்பா பேனாவை எடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மூன்று பேரையும் அத்தைக்கு நடித்துக் காட்டினேன். முதல் இரண்டுக்கு வயிறு குலுங்கச் சிரித்தவள், மேடம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"டாக்டர் இருக்கற இடத்தை விட்டுட்டு எங்கண்ணன் ஏன் அங்க போய் விழுந்தாரு? உங்கம்மா போய் முழுசா ரெண்டு வருஷம் ஆகலைடி."

எனக்குச் சுருக்கென்றது. தெருவில் நான் செய்யாத குரல் இல்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் ஒரு வகுப்புக்கே லீவு விட்டிருக்கிறேன். அம்மா குரலை மட்டும் தொட்டதில்லை. அந்த இடத்துக்கு ஒரு பாகுக் குரல் வருவதா?

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அப்பாவுக்கு அச்சகத்தில் வேலை. பைண்டிங் பகுதியின் மேற்பார்வை. மேஜையில் இருப்பது நம்பர் காட்டாத பழைய போன். வியாழக்கிழமை, மேடத்தை முந்திக்கொண்டு ஒண்ணு இருபத்தஞ்சுக்கு அடித்தேன்.

"சார், சாப்பிட்டீங்களா சார்?"

அத்தை தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

அந்தப் பக்கம் மெஷின்களின் தடதட சத்தம்.

"சாப்பிட்டேன்... மேடம்."

"பொய் சொல்லக் கூடாது சார்."

"இன்னும் பிரிக்கலை. இதோ." டப்பா திறக்கும் சத்தம் கேட்டது.

அந்த டப்பா பாதி நாள் அப்படியேதான் வீடு திரும்பும். சாயங்காலம் பேக்கரி வாசலில் நின்று பன்னாக உள்ளே தள்ளிவிட்டு வருவார். உடம்பு ஊதியதே அப்படித்தான்.

தூண்டிலைப் போட்டேன். "எத்தனையோ இடம் இருக்க, எங்ககிட்ட ஏன் சார் வந்தீங்க?"

"மத்தவங்க எல்லாம் எவ்வளவு எடைன்னு கேட்டாங்க மேடம். சாப்பிட்டீங்களான்னு கேப்பேன்னு நீங்கதான் சொன்னீங்க." ஒரு வாய் மென்றார். "முன்னாடி தினம் இந்த நேரத்துக்கு இந்த போன் அடிக்கும். ரெண்டு வருஷமா அடிக்கறதில்லை."

அடுத்துக் கேட்க வைத்திருந்த கேள்வியை அப்படியே விட்டுவிட்டேன்.

"நாளைக்கும் கூப்பிடுவீங்கல்ல?"

"கூப்பிடறேன் சார். இனிமே ஒண்ணு இருபத்தஞ்சுக்கே."

போனை வைத்தேன்.

"என்னடி சொன்னாரு?" அத்தை உலுக்கினாள்.

"ஒண்ணுமில்லை. கட் ஆயிடுச்சு."

மூன்று வாரம் ஒரு நாள்கூட விடவில்லை. "காயை ஒதுக்கி வெச்சீங்களா சார்?" "மெதுவா மென்னு சாப்பிடுங்க சார்." வீட்டில் எங்கள் பேச்சே "கதவைப் பூட்டினியா", "பூட்டிட்டேன்" அளவுதான். போனில் மேடத்திடம் அப்பா மெஷின் மக்கர் பண்ணியதைச் சொல்வார், முதலாளி மாதிரியே பேசிக் காட்டுவார். நன்றாகவே வந்தது. எனக்கு அந்த வித்தை எங்கிருந்து வந்ததென்று அப்போதுதான் தெரிந்தது.

பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போனது. பேக்கரிக்காரர் என்னைப் பார்த்தால், ஆளையே காணோமே என்று அப்பாவைப் பற்றி விசாரித்தார்.

நேற்று மதியம் வீட்டு போன் அடித்தது. அதே பாகு. அசல்.

"சாரோட பொண்ணாம்மா? சார் எங்ககிட்ட நின்னுட்டாரே, ஏதாவது குறையான்னு கேக்கலாம்னுதான்."

"நின்னுட்டாரா? எப்போ?"

"மூணு வாரம் ஆச்சேம்மா. சேர்ந்த வாரமே, வியாழக்கிழமை. நான் சரியா ஒண்ணரைக்குத்தான் கூப்பிட்டேன். இனிமே நீங்க கூப்பிட வேண்டாம்மான்னு சொல்லிட்டாரு."

போனை வைத்துவிட்டு மணி பார்த்தேன். ஒண்ணு இருபத்தஞ்சு. விரல் தானாக அச்சகத்து நம்பரை அழுத்தியது. எவ்வளவு முயன்றும் மேடம் குரல் வரவில்லை. என் குரல்தான் வந்தது.

"அப்பா... சாப்டியாப்பா?"

மெஷின் சத்தம். அதற்கு மேல் அப்பாவின் சிரிப்பு.

"ஏன், மேடம் இன்னைக்கு லீவா?"