இரண்டு ஷூட்டர், ஒரே இடம்

“இன்னொரு தபா படி ஐரீன். அந்த நாலாவது குவார்ட்டர் எடத்த மட்டும்,” என்றான் ஜெரி.

போனை அவன் கையில் வாங்கவில்லை. வாங்கினால் சுவரில் அடித்துவிடுவான் என்று அவனுக்கே பயம். ஐரீன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் தூங்கிப்போன மகள் ஜூடியை ஒரு கையால் அணைத்தபடி, மூன்றாவது முறையாகத் தன் புருஷனைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தாள்.

“‘ஜெரி நூறு பந்து எறிஞ்சா நாப்பத்தொண்ணு போடுறார். சாவியோ முப்பத்தாறுதான். இதை மட்டும் பார்த்தா ஜெரிதான் பெரிய ஆள். ஆனா ஆட்டத்தோட கடைசிப் பத்து நிமிஷம், அந்த நாலாவது குவார்ட்டரைத் தனியா எண்ணிப் பாருங்க. ஜெரி எறிஞ்சது பத்தொன்பது, விழுந்தது மூணு. சாவியோ எறிஞ்சது இருபத்திரண்டு, விழுந்தது பத்து. ஒரு தடவை ஓடித் திரும்பினாலே ஜெரி முட்டியில கை வச்சுக் குனிஞ்சு நிக்கிறார். பந்து வர்ற நேரத்துலகூட நிமிர்றதில்ல.’”

“போதும்.”

எண்ணூர் பக்கத்துக் கம்பெனி ஒன்றின் பாஸ்கெட்பால் டீம் அது. வருஷா வருஷம் ஒப்பந்தம் போட்டு ஆள் எடுப்பார்கள். ஜெரியும் சாவியோவும் முதல் ஐந்து பேரில் இறங்குகிறவர்கள் இல்லை. பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, மூலையில் நின்று, தூரத்திலிருந்து மூணு பாயின்ட் போட்டுவிட்டுத் திரும்பப் போய் உட்கார வேண்டியவர்கள். “நம்ப ரெண்டு பேரும் கறிவேப்பில மாமு,” என்று சாவியோ சிரிப்பான். ராயபுரத்தில் ஒரே சர்ச் மைதானத்தில் எறிந்து பழகிய கைகள்.

வரப்போகிற சீசனுக்கு, இப்படித் தூரத்திலிருந்து எறியும் ஷூட்டர் ஒருவர் போதும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஜெரிக்கு முப்பத்து மூன்று வயது. இது போனால் வேறு டீம் கூப்பிடாது. இருந்தாலும் நாற்பத்தொன்று பெரிதா, முப்பத்தாறு பெரிதா என்று கேட்டால் பச்சைப் பிள்ளையும் பதில் சொல்லும் என்று தைரியமாகத்தான் இருந்தான்.

பத்து நாளுக்கு முன், டீமின் ரசிகர்கள் இணையத்தில் நடத்தும் பக்கத்தில் யாரோ ஒருவன் ‘மூலை ரசிகன்’ என்ற பெயரில் இந்தப் பதிவைப் போட்டான். மேட்ச் பார்க்க இருநூறு பேர்கூட வர மாட்டார்கள். சண்டை போட இரண்டாயிரம் பேர் வந்தார்கள். இன்று சாயங்காலம் மேனேஜர் அலெக்ஸாண்டர் போன் செய்தார். கம்பெனிப் பெரியவர்கள் அந்தப் பதிவை வைத்துக்கொண்டு எல்லா வீடியோவையும் ஓட்டிப் பார்த்தார்களாம். “நம்பர் எல்லாம் கரீட்டா கீதுப்பா. நான் இன்னா பண்ண?” என்றார். ஒப்பந்தத்தை சாவியோவுக்கே கொடுத்துவிட்டார்கள்.

“இத எழுதுனவன் ஆட்டத்தப் பாக்கல,” என்றான் ஜெரி. “என்னியேதான் பாத்துகினு இருந்துகீறான். பெஞ்சில என் பக்கத்துல குந்திகினு எண்ணிகீறான்.”

“சாவியோ அண்ணன் அப்டி செய்ற ஆளு இல்ல.”

“அப்ப வேற யாருக்கு லாபம்? நீயே சொல்லு.”

ஐரீன் ஜூடியின் போர்வையை இழுத்துவிட்டாள். ஜெரி போனைப் பிடுங்கி சாவியோவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டான். இருபது வருஷ சிநேகிதத்தில் கேட்கக் கூடாததை எல்லாம் கேட்டான். சாவியோ முதலில் சிரித்தான், பிறகு கோபப்பட்டான், கடைசியில் அழுதே விட்டான்.

“நான் வேணாம்னு சொல்லிடறன்டா. உன்னியே எடுத்துக்க சொல்றேன். நாளிக்கே போயி சொல்றேன்.”

ஐரீன் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மடியில் ஜூடி சிணுங்கினாள்.

“உன் பிச்ச எனக்கு வேணாம்,” என்றான் ஜெரி. “என் பொண்ணு ஞானஸ்நானத்துல ஞானத்தகப்பனா நின்னேன்னு சொல்லிகினு இனிமே என் வூட்டு வாசல்ல வந்து நிக்காத.”

போனைக் கட்டிலில் எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். தெருமுனையில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஐரீனுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சாவியோவை நினைத்தால் அதைவிடப் பாவமாக இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்து, மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

“நெசமா சொல்லு ஐரீன். நான் அவ்ளோ மோசமாவா ஆடுனேன்?”

“இல்ல. நல்லாத்தான் ஆடுன.”

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. இனி அவன் போவதற்கு மைதானம் இல்லை, சாவியோ வீடும் இல்லை. கடற்கரைக் கற்களில் போய் உட்காருவான், அவ்வளவுதான்.

காலடிச் சத்தம் ஓய்ந்ததும், ஜெரி வெளியே போயிருந்த பகல்களில் இருபத்தாறு மேட்ச் வீடியோக்களையும் ஓட்டி ஓட்டித் தான் எண்ணி எழுதிய அந்தப் பதிவை ஐரீன் அழித்தாள். ‘மூலை ரசிகன்’ கணக்கையும் மூடினாள்.

டாக்டர் சொன்னதை டீமில் ஒருவரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று, போன மாதம் ஜூடியின் தலையில் அவள் கையை வைத்து ஜெரி சத்தியம் வாங்கியிருந்தான். இன்னொரு சீசன் ஓடினால் அவன் இதயம் மைதானத்திலேயே நின்றுவிடும் என்ற அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அவள் எழுதியிருந்தாள்.